கொலைக்குத் தூக்கா, நெடுஞ்சிறையா?

(‘கொலையாளிக்கு ஏற்ற தண்டனை தூக்கா, ஆயுள் சிறையா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி விவாத அரங்கில், ஆயுள் சிறை அணியின் சார்பில் ஆற்றப்பட்ட நிறைவுரை)



எதிரணியின் கடைசிப் பேச்சாளர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அமர்ந்தார். “உங்கள் வீட்டுப் பிள்ளையை ஒருவன் வெட்டிச் சாய்த்திருந்தால், அவனுக்குச் சிறை போதும் என்று இதே வாயால் சொல்வீர்களா?” என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டல் நியாயமானது. பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டு, நாள்தோறும் அதன் முன் விளக்கேற்றும் தாய் நம் ஊர்களில் இருக்கிறாள். அவளிடம் போய்ச் சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி நியாயம் பேச யாருக்கும் மனம் வராது.

எனவே, அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த உரை நகரப் போவதில்லை. அதற்குப் பதில் கடைசியில் வரும். அதற்கு முன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய சில செய்திகள் உள்ளன. உணர்ச்சியில் கைதட்டலாம், ஆனால், தகவல் தெரியாமல் தண்டனை விதிக்கக் கூடாது.

நாட்டின் சட்டம் இன்று என்ன சொல்கிறது?

கொலைக் குற்றத்துக்கு நம் நாட்டில் உள்ள பிரிவு குற்றவியல் சட்டத்தின் 302. ‘முந்நூற்று இரண்டு’ என்றாலே தூக்கு என்று சட்டம் படிக்காதவர்களும் அறிந்திருந்தார்கள். காரணம், பல்லாண்டு காலமாக அந்தப் பிரிவில் ஒரே ஒரு தண்டனைதான் இருந்தது. கொலை நிரூபிக்கப்பட்டால் தூக்கு. வேறு வழி இல்லை. நீதிபதி விரும்பினாலும் குறைக்க முடியாது.

2018ஆம் ஆண்டு அரசாங்கம் தூக்குத் தண்டனை நிறைவேற்றத்தை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், மரண தண்டனையை முற்றிலும் அகற்றப் போவதாகவும் அறிவித்தது. கொலையுண்டவர்களின் குடும்பங்களிடமிருந்தும் பொதுமக்களிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. 2019ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு படி பின்வாங்கி, ‘கட்டாய’ மரண தண்டனையை மட்டும் அகற்றலாம் என்ற நிலைக்கு வந்தது. அதன் பிறகு, முன்னாள் தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலான்ஜும் தலைமையில் ஒரு சிறப்புக் குழு அமைக்கப்பட்டு மாற்றுத் தண்டனைகள் ஆராயப்பட்டன.

இறுதியில், 2023 ஏப்ரல் மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சட்டத்தை நிறைவேற்றின. 2023 ஜூலை 4ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் 302ஆவது பிரிவின்படி, கொலைக் குற்றவாளிக்கு நீதிபதி தூக்கு விதிக்கலாம். அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். தூக்கு இல்லையென்றால் 12க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. ஏற்கெனவே மரண தண்டனையிலும் சாகும்வரை சிறையிலும் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள், கூட்டரசு நீதிமன்றத்தில் தங்கள் தண்டனையை மறுஆய்வு செய்யக் கோரும் வாய்ப்பும் அதே ஆண்டு கிடைத்தது.

ஆக, தூக்குக் கயிறு இந்நாட்டின் சட்டத்தில் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மாறியது ஒன்றுதான். முன்பு கயிறு தானாக விழுந்தது. இப்போது நீதிபதி ஒருவர் கை நீட்டி அதை எடுக்க வேண்டும். எடுக்கலாமா, கூடாதா என்பதே இன்றைய அரங்கின் கேள்வி.

ஒரே தராசில் எல்லாக் கொலையும்

கல்யாண மண்டபத்துக்கு வெளியே ஒரு சண்டை என்று வைத்துக்கொள்வோம். பழைய பகை, கொஞ்சம் மது, ஒரு வார்த்தை தடித்துவிட்டது. மூன்று இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்குகிறார்கள். ஒருவன் பாராங் கத்தியை வீசுகிறான். இன்னொருவன் ஆளைப் பிடித்துக்கொள்கிறான். மூன்றாமவனுக்குப் பத்தொன்பது வயது. மோட்டாரை அணைக்காமல் வாசலில் நிற்கிறான். இது கற்பனைக் காட்சிதான். ஆனாலும், இப்படி ஒரு செய்தியை நாளிதழில் படித்துவிட்டுப் பெருமூச்சு விடாத இந்தியக் குடும்பம் இந்நாட்டில் இருக்காது.

குற்றவியல் சட்டத்தின் 34ஆவது பிரிவு, பொதுவான நோக்கத்துடன் பலர் சேர்ந்து செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு என்கிறது. அது தேவையான சட்டம்தான். இல்லையென்றால் கத்தி பிடித்தவன் மட்டும் மாட்டுவான், ஏவிவிட்டவன் தப்புவான். ஆனால், பொது நோக்கம் இருந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்துவிட்டால், பழைய சட்டத்தில் மூவருக்கும் ஒரே கயிறு. வெட்டியவனுக்கும் வாசலில் நின்றவனுக்கும் வேறுபாடு தெரிந்தாலும் நீதிபதியால் ஒன்றும் செய்ய முடியாது.

இதே சட்டத்தில் இன்னொரு கொடுமையும் இருந்தது. அதை எதிரணி நண்பர்கள் கவனிக்கவில்லை. கொலையுண்டவரின் குடும்பம் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, ‘இந்தக் கொலையால் எங்களுக்கு நேர்ந்தது இது’ என்று சொல்வதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு ஒரு வழி சேர்க்கப்பட்டது. தண்டனை விதிக்கும் முன் நீதிபதி அதைக் கேட்கலாம். ஆனால், தண்டனை ஏற்கெனவே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும்போது அந்தத் தாயின் பேச்சுக்கு என்ன மதிப்பு? அவள் அழுதாலும் தூக்கு, மன்னித்தாலும் தூக்கு. கட்டாய மரண தண்டனை குற்றவாளியின் வாயை மட்டும் அடைக்கவில்லை. பறிகொடுத்தவளின் சொல்லையும் எடையற்றதாக்கியது. 2023ஆம் ஆண்டுக்குப் பிறகுதான், கொலை வழக்கில் அவள் சொல்லும் சொல் தராசில் ஏறுகிறது.

தீர்ப்பு தவறினால்?

“நீதிமன்றம் தீர விசாரித்துத்தானே தண்டிக்கிறது? தவறே நேராதபடி பார்த்துக்கொண்டால் போயிற்று” என்றார் எதிரணித் தலைவர். தவறே நேராத நீதிமன்றம் எந்த நாட்டில் இருக்கிறது?

நமது குற்றவியல் சட்டம், ஆங்கிலேயர் 1860ஆம் ஆண்டில் இந்தியாவுக்காக இயற்றிய சட்டத்தின் வழி வந்தது. அந்த ஆங்கிலேயரின் சொந்த மண்ணிலேயே 1950ஆம் ஆண்டில் திமோத்தி எவன்ஸ் என்ற இளைஞர் தூக்கிலிடப்பட்டார். பெற்ற குழந்தையைக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. அவருக்கு எதிராக முக்கியச் சாட்சி சொன்னவர், அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜோன் கிறிஸ்டி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1953ஆம் ஆண்டில் அந்த வீட்டில் பெண்களின் சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன. சாட்சிக்கூண்டில் நின்றவர்தான் தொடர் கொலைகாரர் என்பது அப்போது வெளிவந்தது. 1966ஆம் ஆண்டில் எவன்சுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. மன்னிப்புக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது? அதற்கு முந்தைய ஆண்டே, 1965இல், பிரிட்டன் கொலைக்கான தூக்குத் தண்டனையை நிறுத்திவிட்டது. எவன்சின் வழக்கு அந்த மாற்றத்துக்குப் பெரிதும் துணை நின்றது.

அது பழைய காலம், இன்று அறிவியல் வளர்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஜப்பானைப் பாருங்கள். இவாவோ ஹக்கமாடா என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர் 1966ஆம் ஆண்டில் கைதானார். தாம் வேலை பார்த்த நிறுவனத்தின் நிர்வாகியையும் அவர் குடும்பத்தினரையும் சேர்த்து நால்வரைக் கொன்றதாக வழக்கு. 1968ஆம் ஆண்டில் மரண தண்டனை. மரபணுப் பரிசோதனையால் சந்தேகம் வலுத்து 2014ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டார். 2024 செப்டம்பரில், 88 வயதில், குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. இரத்தக் கறை படிந்த ஆடைகள் என்று காட்டப்பட்ட சான்று விசாரணை அதிகாரிகளால் இட்டுக்கட்டப்பட்டது என்று நீதிமன்றமே சொன்னது. ‘இன்று கதவு தட்டப்படுமோ’ என்று ஆயிரக்கணக்கான காலைகளை அவர் கழித்து, மனம் நைந்துபோனார். ஆனாலும் உயிரோடு இருந்தார். அதனால் அவருக்காகப் போராடிய சகோதரி, தம்பியின் பெயர் துடைக்கப்பட்டதைக் கண்ணால் கண்டார். எவன்சுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஒரு கயிறுதான்.

நம் வீட்டுக்கு அருகிலும் பாருங்கள். 2006ஆம் ஆண்டில் மங்கோலியப் பெண் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் இரண்டு போலீஸ்காரர்கள் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2009ஆம் ஆண்டில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2013ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. 2015ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் மீண்டும் குற்றவாளிகள் என்றது. சாட்சியங்கள் மாறவில்லை. நீதிபதிகள் அனைவரும் கற்றறிந்தவர்கள். ஆனாலும் தூக்கு, விடுதலை, மறுபடியும் தூக்கு என்று தீர்ப்பு மாறியது. எந்தத் தீர்ப்பு சரி என்பது இங்கே வாதம் இல்லை. உயிரை எடுக்கும் முடிவு இவ்வளவு ஊசலாடக்கூடியது என்பதுதான் வாதம்.

சிங்கப்பூரில் சரவாக்கைச் சேர்ந்த கோ ஜாபிங்கின் வழக்கு இதைவிட நுட்பமானது. 2008ஆம் ஆண்டு கொள்ளையின்போது ஒருவரை அடித்துக் கொன்ற குற்றத்துக்கு 2010ஆம் ஆண்டில் தூக்கு விதிக்கப்பட்டது. சட்டம் திருத்தப்பட்ட பின் 2013ஆம் ஆண்டில் அது ஆயுள் சிறையும் 24 பிரம்படியுமாக மாறியது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, 2015ஆம் ஆண்டில் மீண்டும் தூக்கு விதிக்கப்பட்டது. அந்த அமர்வில் இருந்த ஐந்து நீதிபதிகளில் மூவர் தூக்கு என்றனர். இருவர் வேண்டாம் என்றனர். இறந்தவரின் தலையில் எத்தனை அடி, எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 2016 மே 20ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றம் செய்தார் என்பதில் ஐயமில்லை. அவர் சாக வேண்டுமா என்பதில்தான் ஒரு நாட்டின் உச்ச நீதிபதிகளே மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து நின்றார்கள். ஒரே ஒரு வாக்கில் ஓர் உயிர் போயிற்று.

வள்ளுவர் எந்தப் பக்கம்?

எதிரணி வள்ளுவரைத் துணைக்கு அழைத்தது. கொடிய கொலைகாரர்களை அரசன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களையெடுப்பது போன்றது என்று செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்கிறது. உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் என்ன சொல்லித் தொடங்குகிறார்? குற்றத்தை ஆராய வேண்டும், யாரிடத்தும் சாயக் கூடாது, அறிந்தவர்களுடன் கலந்து தேர வேண்டும். அதுவே முறை என்கிறார். களை எது, பயிர் எது என்று தெரிந்த பிறகுதான் களைக்கொட்டுக்கு வேலை.

களையெடுத்தல் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பயிரை நெருக்காதபடி களையை அப்புறப்படுத்துவதுதான் நோக்கம். வள்ளுவர் காலத்து மன்னனிடம் ஒருவனை நாற்பது ஆண்டுகள் சமுதாயத்திலிருந்து விலக்கி வைக்கும் சிறை ஏற்பாடு இல்லை. நம்மிடம் இருக்கிறது.

ஆராயாமல் ஒறுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் தமிழில் ஒரு பெருங்காப்பியம் உண்டு. மதுரையில் பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை நம்பிக் கோவலனைக் கொன்றுவிட்டான் பாண்டியன். அவன் கொடுங்கோலன் அல்லன். தவறு தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விட்ட மானமுள்ள மன்னன். நல்ல அரசனும் தவறுவான் என்பதுதான் சிலப்பதிகாரம் தரும் பாடம். சிலம்பை உடைத்துக் காட்ட முடிந்தது. கோவலனைத் திருப்பித் தர முடியவில்லை.

அச்சம் கொலையைத் தடுக்கிறதா?

“தூக்கு இருந்தால்தான் பயம் இருக்கும்” என்பது எதிரணியின் அடுத்த வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. 2023ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் கொலைக்குத் தூக்கு மட்டும்தான் தண்டனை. அந்தக் காலத்திலும் குண்டர் கும்பல்கள் பாராங் கத்தியைக் கையில் எடுத்தார்கள். கோபத்தில் கத்தியை ஓங்குபவன் அந்த நொடியில் சட்டப் பிரிவை எண்ணிப் பார்ப்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு திட்டமிட்டுக் கொல்பவனோ, பிடிபட மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் இறங்குகிறான். முன்னவனுக்கு எண்ணம் இல்லை. பின்னவனுக்கு அச்சம் இல்லை. இவனைத் தடுக்கக்கூடியது, ‘கட்டாயம் பிடிபடுவோம்’ என்ற உறுதிதான்.

2010ஆம் ஆண்டில் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் நெருக்கமான, செழிப்பான நகரங்கள். சிங்கப்பூர் தூக்கிலிட்டு வந்தது. ஹாங்காங் 1966ஆம் ஆண்டுக்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. 1993ஆம் ஆண்டில் சட்டத்திலிருந்தும் அகற்றிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கான கணக்கைப் பார்த்தபோது, இரு நகரங்களிலும் கொலை விகிதம் ஏறியதும் இறங்கியதும் ஏறக்குறைய ஒரே போக்கில்தான் இருந்தது. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம், மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது என்று அறிவித்தது. தடுக்கும் என்று நிரூபிக்க முடியாத ஒரு மருந்தை, அதுவும் உயிரையே விலையாகக் கேட்கும் மருந்தை, எந்த வைத்தியர் எழுதிக் கொடுப்பார்?

மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

மக்களின் பெரும்பான்மை தூக்கை விரும்புகிறது என்றும் சொல்லப்பட்டது. 2013ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்டு பேராசிரியர் ரோஜர் ஹூட் வெளியிட்ட ஆய்வுக்காக 1,535 மலேசியர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. கொலைக்குக் கட்டாயத் தூக்கு வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டோர் வேண்டும் என்றனர். பிறகு அவர்களிடம் சில சம்பவங்கள் விளக்கமாகச் சொல்லப்பட்டன. கொலையாளி யார், என்ன சூழ்நிலை, முன்பு குற்றம் செய்தவரா, இல்லையா என்பதெல்லாம் தெரிந்த பிறகு, எல்லாச் சம்பவங்களுக்கும் தூக்குத்தான் என்று நின்றவர்கள் சிறு தொகையினரே.

நம் மக்கள் இரக்கமற்றவர்கள் அல்லர் என்பது இதிலிருந்து தெரிகிறது. ‘கொலையாளி’ என்ற சொல்லைக் கேட்டால் கயிற்றைக் கேட்கிறோம். ஒரு மனிதனின் கதையைக் கேட்டால் யோசிக்கிறோம். யோசிப்பதற்கு இடம் தருவதுதான் சட்டத்தின் வேலை.

“சிறையில் சோறு போட்டு வளர்ப்பதா?”

இது எதிரணியின் கடுமையான கேள்வி. அதை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வயதில் முப்பது ஆண்டு சிறை பெறுகிறவன் முழுத் தண்டனையும் அனுபவித்தால் ஐம்பத்திரண்டு வயதில் வெளியே வருவான். தாய் தகப்பன் இருக்க மாட்டார்கள். அவன் அறிந்த தெருவும் இருக்காது. நாற்பது ஆண்டு என்றால் அறுபத்திரண்டு. இளமை, கல்யாணம், பிள்ளைகள், தொழில் என்று ஒரு மனிதன் ‘வாழ்க்கை’ என்று சொல்லும் அத்தனையும் மதிலுக்கு உள்ளேயே கரைந்துவிடும். இதை இலேசான தண்டனை என்று சொல்பவர்கள், ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருந்து பார்க்கட்டும்.

ஆனால், இங்கே ஓர் உண்மையை ஆயுள் சிறை அணி ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். நன்னடத்தை இருந்தால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை தள்ளுபடி கிடைக்கிறது. முப்பது ஆண்டு என்று நீதிமன்றத்தில் கேட்ட குடும்பத்துக்கு, அது இருபது ஆண்டாகலாம் என்று யாரும் விளக்குவதில்லை. ‘ஆயுள்’ என்ற சொல்லுக்கும் நம் நாட்டுச் சட்டத்தில் முப்பது ஆண்டு என்றுதான் பொருள். சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும். இருபது ஆண்டு கழிந்த பின்தான் விடுதலை பற்றிய பரிசீலனையே தொடங்கும்.

தண்டனையின் பெயர் ஒன்றாகவும் நாள் வேறாகவும் இருப்பது, பறிகொடுத்த குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். கொலையாளி விடுதலையான செய்தியை ஒரு தாய் சந்தையில் வைத்து, மூன்றாம் மனிதர் வாயால் கேட்கக் கூடாது. எத்தனை ஆண்டு உள்ளே இருப்பான் என்பது தீர்ப்பு நாளிலேயே அவளுக்குச் சொல்லப்பட வேண்டும். விடுவிக்கும் முன் அவளிடம் தெரிவிக்கப்பட வேண்டும். குற்றவாளி இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது. அதை அரசுத் தரப்பு கேட்டு வாங்கித் தர வேண்டும். சிறையில் அவன் செய்யும் உழைப்பின் பலனில் ஒரு பங்கு, அவன் அநாதையாக்கிய பிள்ளைகளின் படிப்புக்குப் போகட்டும். தூக்கில் தொங்கியவனிடம் எதைக் கேட்டு வாங்க முடியும்?

நீதியைத் தடுத்த தூக்கு

மங்கோலியப் பெண்ணின் வழக்குக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தபோது இருவரில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். மரண தண்டனை காத்திருக்கும் நாட்டுக்கு ஆஸ்திரேலியா ஒருவரை ஒப்படைப்பதில்லை. குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தவர், தூக்கு காத்திருந்த காரணத்தாலேயே இங்கே திரும்பவில்லை. 2023 நவம்பரில் அங்கே குடிநுழைவுத் தடுப்புக்காவலிலிருந்தும் வெளியே வந்துவிட்டார். இங்கே சிறையில் இருந்த மற்றவருக்கோ, 2024 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் தூக்கை மாற்றி 40 ஆண்டு சிறையும் 12 பிரம்படியும் விதித்தது. சிறையில் இருந்தவர் தண்டனை அனுபவிக்கிறார். தூக்கைக் காட்டி அழைக்கப்பட்டவர் வரவே இல்லை. எந்தத் தண்டனை அந்தக் குடும்பத்துக்கு நீதி தந்தது?

இன்னொரு காட்சி. 2017 மார்ச் மாதம் காஜாங் சிறையில், 2006ஆம் ஆண்டு நடந்த ஒரு கொலைக்காக நம் சமுதாயத்தைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுக்காக மன்னிப்புக் கோரும் முயற்சி அதுவரை நடந்துகொண்டிருந்தது. கொலையால் ஒரு வீட்டில் ஏற்கெனவே ஒப்பாரி கேட்டது. பதினோர் ஆண்டு கழித்து, ஒரே விடியலில் இன்னொரு வீட்டுக்கு இரண்டு சடலங்கள் வந்தன. அந்த இரண்டாவது வீட்டில் இருந்தவர்கள் யாரையும் கொல்லவில்லை. முதல் வீட்டின் துக்கம் அதனால் ஒரு நாழிகை குறைந்தது என்று யாராவது அளந்து சொல்ல முடியுமா?

அந்தத் தாய்க்குப் பதில்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். “உங்கள் பிள்ளையாக இருந்தால்?” என்று கேட்டார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர் யாராக இருந்தாலும் கொன்றவனின் உயிரைக் கேட்கத்தான் தோன்றும். அப்படிக் கேட்பது பாவமும் இல்லை. வெட்கப்பட வேண்டியதும் இல்லை. பெற்ற வயிறு அப்படித்தான் பேசும். ஆனால், அதற்காகத்தான் நாம் நீதிமன்றம் என்ற ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறோம். வயிறு எரிகிறவரின் கையில் கத்தியைக் கொடுக்காமல், எரியாத ஒருவர் நடுவில் அமர்ந்து முடிவு செய்யட்டும் என்று ஏற்படுத்தினோம். தாயின் துக்கத்தை மதிப்பதற்கு, அவள் கோபத்தை அப்படியே தீர்ப்பாக எழுதுவது வழியல்ல. அவளைப் பேசவிட வேண்டும். கடைசி வரை கேட்க வேண்டும். அவளுக்குச் சொன்ன சொல்லை அரசாங்கம் காப்பாற்ற வேண்டும்.

அந்தத் தாய்க்கு உண்மையில் வேண்டியவை என்ன? கொன்றவன் பிடிபட வேண்டும். உண்மை வெளியே வர வேண்டும். அவன் வேறொரு தாயின் பிள்ளையைத் தொடாதபடி அடைபட வேண்டும். அவன் செய்ததன் பாரத்தை அவனே, ஒவ்வொரு நாளும், நீண்ட காலம் சுமக்க வேண்டும். இவை அத்தனையையும் நெடுஞ்சிறை தர முடியும். தூக்கு கூடுதலாகத் தருவது ஒன்றே ஒன்றுதான்: தவறு நேர்ந்திருந்தால் திருத்த முடியாத ஒரு முடிவு.

கொலை செய்தவன் ஓர் உயிரின் மதிப்பை மறந்தவன். அவனுக்கு அதை நினைவூட்ட வேண்டிய இடத்தில் சட்டம் இருக்கிறது. அவனைப் போலவே அதுவும் மறந்துவிடக் கூடாது.

நடுவர் அவர்களே, 2023ஆம் ஆண்டில் இந்த நாடு கயிற்றை நீதிபதியின் கைக்கு எட்டும் இடத்தில் விட்டுவிட்டு, அருகிலேயே சிறைக் கதவின் சாவியையும் வைத்திருக்கிறது. நீதிபதிகள் சாவியை எடுக்கட்டும். எடுத்துப் பூட்டிய பிறகு, அந்தப் பூட்டு எப்போது திறக்கும் என்பதைப் பறிகொடுத்த தாயிடம் நேர்மையாகச் சொல்லட்டும். கொலையாளிக்கு ஏற்ற தண்டனை ஆயுள் சிறையே என்று தீர்ப்பளிக்கும்படி இந்த அணி கேட்டுக்கொள்கிறது.